யாரிடம் கேட்பது என்று சொல்லாவிட்டால்

பெட்டியை அணைத்த பிறகுதான் விளக்கு வெறி பிடித்த மாதிரி துடிக்க ஆரம்பித்தது.

அவள் சுவிட்சிலிருந்து விரலை எடுக்காமலே அதைப் பார்த்தாள். அணைந்தது மேஜைக்கு அடியில் இருந்த பழைய கம்ப்யூட்டர். அதன் காற்றாடி ஒரு முனகலோடு சுற்றி ஓய்ந்தபோதுதான், இந்த மாடி அறையில் இத்தனை வருடமாக ஒரு சத்தம் இருந்திருக்கிறது என்பதே காதுக்குத் தெரிந்தது. துடித்தது மேஜை மேல் இருந்த மோடம். வெளியிலிருந்து ஏதாவது வந்தால் மினுக்கும் பச்சை விளக்கு அதில் உண்டு. சாதாரண நாளில் அது மழை ஆரம்பிக்கும்போது தகரக் கூரையில் விழும் துளி மாதிரி விட்டு விட்டு மினுக்கும். இப்போது இடைவெளியே இல்லை. ஒரு மினுக்கு அணைவதற்குள் அடுத்தது அதன் முதுகில் ஏறியது. கொஞ்ச நேரத்தில் துடிப்பும் போய், விளக்கு ஒரேயடியாக எரியத் தொடங்கியது.

செத்த வீட்டு வாசலில் கூட்டம் சேர்கிற மாதிரி, என்று நினைத்தாள்.

கீழே அம்மா தட்டுகளைக் காகிதத்தில் சுற்றி அட்டைப்பெட்டிக்குள் வைக்கும் சத்தம் கேட்டது. வாசலில் கார் நின்றது. மத்தியானத்துக்குள் வீட்டின் சாவியை, அதை வாடகைக்கு எடுக்கும் பல் டாக்டரிடம் கொடுத்துவிட்டு, அம்மாவை முன் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட வேண்டும். போன மழைக்காலத்தில் கரன்ட் போய் வந்த ஒரு நாள், பெட்டி ஓடுகிறதா என்று பார்க்க மாடி ஏறிய அம்மா, இறங்கும்போது வழுக்கி, இடுப்பெலும்பில் விரிசலோடு கடைசிப் படியில் கிடந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் எதேச்சையாக எட்டிப் பார்த்ததால் பிழைத்தாள். இனிமேல் படியே ஏறக்கூடாது என்றார் எலும்பு டாக்டர். அம்மா அவர் முன்னால் தலையாட்டிவிட்டு வந்து, ஊன்றுகோலோடு ஏறினாள்.

"என்கூட வந்துடும்மா" என்று அவள் கெஞ்சாத வாரம் கிடையாது.

"பெட்டிய யார் பாத்துக்குவா?"

"பெட்டிய நிறுத்திட்டா?"

"நிறுத்திட்டா அப்புறம் எனக்கு இங்க என்ன வேலை" என்பாள் அம்மா.

எனவே பெட்டியை நிறுத்தியாக வேண்டும். அது ஒன்றுதான் அம்மாவுக்கும் காரின் முன் சீட்டுக்கும் நடுவில் நின்றது.

அந்தப் பெட்டிக்கு ஒரே ஒரு வேலை. யார் கேட்டாலும் மணி சொல்லும். எந்த மெஷினுக்குள்ளும் இருக்கும் கடிகாரம் நாளாவட்டத்தில் பிசகிவிடும்; வெளியே ஒரு நம்பகமான இடத்தில் கேட்டுச் சரிசெய்துகொள்ள வேண்டும். அந்தக் கேட்கிற வேலையை ஒவ்வொருவரும் புதிதாக எழுதிக்கொண்டிருக்க வேண்டாமே என்று, கல்லூரியில் படிக்கும்போது அவள் தம்பி ஒரு சின்ன நிரல் எழுதினான். அதற்கு மணிக்கூண்டு என்று பெயர் வைத்து, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டுவிட்டான். இப்படி எடுத்துத் தங்கள் நிரலுக்குள் பொருத்திக்கொள்கிற தயார் நிரலை லைப்ரரி என்பார்கள். பொருத்துகிறவர் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும்: யாரிடம் மணி கேட்பது என்று. சொல்லாமல் விட்டால்? அந்த இடத்தில், சோதித்துப் பார்ப்பதற்காக, தம்பி தங்கள் வீட்டுப் பெட்டியின் இணைய எண்ணை எழுதி வைத்தான். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்றிருந்தான். அப்புறம் பரீட்சை வந்தது, காதல் வந்தது, காதல் போனது, துக்கத்தில் உடம்பைத் தேற்றப் போனவன் இப்போது சொந்தமாக உடற்பயிற்சிக் கூடமே நடத்துகிறான். மணிக்கூண்டு அக்கா தலையில் விழுந்தது.

மனிதர்கள் சொல்லாமல் விடுகிறவர்கள். உலகத்தில் இத்தனை பேர் இதைச் சொல்லாமல் விடுவார்கள் என்று தம்பிக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. சும்மா இருந்தாலே நடந்துவிடும் என்றால் யார்தான் கையை அசைப்பார்கள்?

சில வருடங்களுக்கு முன் அவள் அதை மாற்றினாள். புது வெர்ஷனில், யாரிடம் கேட்பது என்று சொல்லாவிட்டால் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். நியாயமான மாற்றம். நல்ல எண்ணத்தில் செய்தது. அதற்கு வந்த வசவுகளை அச்சில் போட முடியாது. நேற்றுவரை ஓடியதை இன்று எதற்கு நிறுத்தினாய் என்றார்கள். உங்கள் வீட்டுப் பிரச்சினைக்கு எங்கள் தொழிற்சாலையா பலி என்று ஒருவர் எழுதியிருந்தார். திட்டி முடித்ததும் எல்லோரும் செய்த காரியம் ஒன்றுதான்: பழைய வெர்ஷனையே எடுத்துப் பூட்டி வைத்துக்கொண்டார்கள். புதிதாகச் செய்த மெஷின்களுக்குள்ளும் அதே பழையதைப் பதித்து அனுப்பினார்கள். கேட்கிறவர்களின் எண்ணிக்கை குறையும் குறையும் என்று அவள் காத்திருக்க, அது ஏறிக்கொண்டே போனது.

நிரல் எழுதுகிறவர்கள் தொழிலில் இதற்கு ஒரு கடைசி வழி உண்டு. ஒரு பொருள் யாருக்கு வேண்டும் என்று தெரியவில்லையா? எடுத்துப் பார். யாராவது அலறினால் திரும்ப வை. அலறாவிட்டால் தூக்கிப் போடு. இன்ன தேதியில் நிறுத்தப் போகிறோம் என்று மாதக்கணக்கில் அறிவிப்பு போட்டுவிட்டுத்தான் இன்று சுவிட்சில் கை வைத்தாள்.

தம்பிக்குப் போன் போட்டாள். பின்னணியில் இரும்புகள் மோதிக்கொண்டன.

"டேய், அணைச்சதும் அதிகமாகுது."

"எது?"

"மோடம். விளக்கு அணையவே மாட்டேங்குது."

"ஓ." ஒருவரை மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு வந்தான். "ஆமால்ல. பதில் வரலைனா திரும்பக் கேளுன்னு எழுதியிருக்கேன்."

"எவ்ளோ நேரம் கழிச்சு?"

"உடனே."

"எத்தனை தடவை?"

"அதெல்லாம் எழுதல அக்கா. அப்ப நான் காலேஜ் பையன். பொறுமைன்னா என்னன்னே தெரியாது."

"உன் பொறுமை இல்லாத புத்தியைத்தான் இப்ப உலகம் முழுக்க மெஷினுக்குள்ள வச்சு அனுப்பியிருக்காங்க."

"நீதான் புது வெர்ஷன்ல எல்லாத்தையும் சரி பண்ணிட்டியே. பழசைக் கட்டிக்கிட்டு அழுறவன் அழட்டும். கத்திக் கத்தி ஓயட்டும்."

"ஓய மாட்டாங்கடா. நீ ஓயச் சொல்லி எழுதலையே. இந்த நம்பர் லைனோட சேத்து டாக்டருக்குப் போகுது. அவங்க கம்ப்யூட்டரைப் போட்ட உடனே இவ்வளவும் அவங்க தலையில விழும். அவங்க வேண்டாம்னாலும் வேற யார் தலையிலயாவது விழும்."

"அதை நான் யோசிக்கல" என்றான்.

"எதைத்தான் யோசிச்சே."

"அக்கா, யாரு கேக்குறாங்கன்னு நீ எப்பவாவது பாத்திருக்கியா?"

"எண்ணிக்கைதானே வரும்?"

"பேரும் வரும். ஒவ்வொண்ணும் தன் பேரைச் சொல்லிட்டுத்தான் மணி கேக்கும். ஒரு மரியாதைக்கு அப்படி வச்சேன். இடத்தை அடைக்குமேன்னு, பெட்டியிலதான் பேரை எல்லாம் கீழ போட்டுடச் சொன்னேன்." பிறகு வேறு யாரையோ பார்த்து, "மூச்ச விடுங்க சார், மூச்ச விடுங்க" என்று அலறினான். போன் துண்டிக்கப்பட்டது.

அவள் மோடத்திலிருந்து வந்த கேபிளைப் பெட்டியிலிருந்து பிடுங்கித் தன் லேப்டாப்பில் செருகினாள். வருவதை அப்படியே திரையில் காட்டும்படி நாலு வரி எழுதினாள். எழுதும்போது சலிப்புதான் இருந்தது. என்ட்டரைத் தட்டினாள்.

திரை ஓடியது என்று சொல்ல முடியாது. கொட்டியது. கண்ணுக்கு ஒரு வரிகூட நிற்கவில்லை. ஓட்டத்தை நிறுத்தி, ஒரே ஒரு பக்கத்தை எடுத்து வைத்துப் படித்தாள்.

முட்டை அடைகாப்பு அறை, கிழக்கு வரிசை. மலைச் சுரங்கப்பாதை, காற்று விசிறி. பள்ளிக்கூட மணி. பால் குளிரூட்டும் தொட்டி. பேருந்து நிறுத்தப் பலகை. நூலகப் பின்வாசல். கடல் மட்டம் அளக்கும் மிதவை. தொலைநோக்கிக் கூடத்தின் கூரைக் கதவு. பலவற்றை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுத்தான் படிக்க முடிந்தது. சில எழுத்துகளை எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது என்றே தெரியவில்லை. அடுத்த பக்கத்தை எடுத்தாள். பனியின் ஆழம். ரொட்டி அடுப்பு. அணையின் நாலாவது மதகு. ஒன்றுக்கு வெறுமனே "தாத்தா அறை" என்று பெயர். கணிசமான மெஷின்கள் தங்கள் பெயர் "பெயரை இங்கே எழுதவும்" என்று தெரிவித்தன. அதையும் யாரோ சொல்லாமல் விட்டிருந்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலேயே நின்றது.

இத்தனையும் இந்த அறையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தன. சுவரில் ஈரம் பூத்த, ஜன்னல் கொக்கி உடைந்த, தம்பியின் பழைய செருப்பு ஒன்று கட்டிலுக்கடியில் கிடக்கும் இந்த அறையை. மணி என்ன? மணி என்ன? மணி என்ன? எங்கோ பனி விழுகிற இடத்தில் ஒரு கம்பமும், எங்கோ நடுக்கடலில் தனியாக ஏறி இறங்கும் ஒரு மிதவையும், முட்டைக்குள் குஞ்சு புரளும் ஓர் அறையும், ஒன்றையொன்று தெரியாமல், ஒரே கணத்தில், இவள் முழங்கால் இடிக்கும் மேஜையிடம் வந்து நின்றன. அவளுக்குக் கைமயிர் சிலிர்த்தது. வானத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ராத்திரி நட்சத்திரங்களைப் பார்த்தால் இப்படி ஆகும் என்பார்கள். அவளுக்கு அது ஒருநாளும் ஆனதில்லை. இப்போது, பட்டப்பகலில், புழுக்கம் அடிக்கும் மாடி அறையில் ஆயிற்று.

நிலம் நம்முடையதுதான். பட்டாவும் நம் பெயரில்தான். ஆனால் குறுக்கே நடந்து நடந்து ஊர் ஒரு தடம் போட்டுவிட்டால், அப்புறம் வேலி கட்டப் போகிறவன் தன் நிலத்துக்கா கட்டுகிறான்? தம்பி எழுதியது பிழைதான். தான் மாற்றியது சரிதான். இரண்டுமே இப்போது அவளுக்கு ரொம்பச் சின்ன விஷயமாகத் தெரிந்தன.

கீழே புதுக் குரல் கேட்டது. பல் டாக்டர் வந்துவிட்டார். அளவெடுக்கும் எஃகு நாடா சரக்கென்று இழுபட்டது.

"மாடி ரூம்லதான் பல் செட் கட்டற வேலை வச்சுக்கப் போறேன்" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "தூசி ஆகாது, இரைச்சல் ஆகாது. பழைய சாமான் எதுவும் இருக்காதுல்ல?"

"அதெல்லாம் என் பொண்ணு பாத்துக்குவா. உக்காருங்க டாக்டர். நாற்காலி எல்லாம் வண்டியில ஏறிடுச்சு, இந்தப் படுக்கை மேல உக்காருங்க."

அப்போது வீட்டுத் தொலைபேசி அடித்தது. அதைக் கழற்றவில்லையா என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அம்மா எடுத்துவிட்டாள்.

"ஹலோ. யாரு, பாலத்துக்காரரா? எப்படி இருக்கீங்க? பையன் கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதா?" எதிர்முனை சொல்வதைக் கேட்டாள். "ஐயய்யோ. அப்படியா. இருங்க, வச்சுடாதீங்க."

அவள் படி இறங்குவதற்குள் அம்மா முதல் படியில் கால் வைத்திருந்தாள். கையில் ஊன்றுகோல்.

"அம்மா, எங்க போறே?"

"மேல. பெட்டி நின்னுடுச்சு போல. பாலத்தைத் தூக்க மாட்டேங்குதாம்."

"எந்தப் பாலம்?"

"எந்த ஊரோ. கப்பல் போறதுக்குத் தூக்கி விடுவாங்களாம். அவர்தான் அங்க இருக்காரு."

"அவருக்கு நம்ம நம்பர் எப்படிம்மா?"

"உன் தம்பிதான் அந்த மணிக்கூண்டுலயே எழுதி வச்சிருக்கானாமே, சந்தேகம்னா கூப்பிடுங்கன்னு. அங்க மெஷின் மேல ஒட்டியிருக்காம். நம்ம வீட்ல கரன்ட் போனா கூப்பிடுவாரு. நான் போய் பாத்துட்டு வந்து ஓடுதுன்னு சொல்லுவேன்."

அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு விழுந்தியே. அன்னிக்கும் இவருக்காகத்தான் ஏறினியா?"

"சேச்சே, பாவம், இவர் இல்ல. அது கோழிப்பண்ணைப் பொண்ணு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ போனைப் பிடுங்கியிருப்பே" என்றாள் அம்மா. பிடுங்கியிருப்பாள்தான். "இப்ப ஏன் ஏறினேன்னு கேக்குற. கேக்குற நேரத்துல போய்ப் பெட்டியப் போட்டுட்டு வரலாம்ல?"

வரமாட்டேன் என்பதற்கு அம்மா சொன்ன சாக்கு என்று இத்தனை நாள் அவள் நினைத்துக்கொண்டிருந்தது சாக்கே இல்லை. அவள் போய் ரிசீவரை எடுத்தாள்.

"வணக்கம் மா" என்றது ஒரு கரகரத்த குரல். "தெனம் காலையில மெஷினை ஒரு தடவை அணைச்சுப் போடுவோம். இன்னிக்குப் போட்டா, மணி தெரியலன்னு அப்படியே நிக்குது. மணி தெரியாம பாலத்தைத் தூக்காது. நல்ல பழக்கம்தான், வேண்டாம்னு சொல்லல. ஆனா எனக்கு வாட்ச் இருக்கு, அதுக்கிட்ட காட்டினா நம்ப மாட்டேங்குது."

"கையால தூக்க முடியாதா?"

"முன்ன ஆள் இருந்தாங்க, தூக்கினோம். இப்ப நானும் கேமராவும்தான். அதுக்குக் கை கிடையாது." சிரித்தார். சிரிப்புக்குப் பின்னால் காற்று இரைந்தது. "கப்பல் வரிசையா நிக்குது மா. முதல்ல நிக்கறதுல உயிரோட ஆடு மாடு ஏத்தியிருக்காங்க. வெயில் ஏறுது."

அவள் ரிசீவரை அம்மா கையில் கொடுத்தாள். மாடிப் படிகளைப் பார்த்தாள். பெட்டியைப் போட்டால் டாக்டர் வீட்டை எடுக்க மாட்டார். எடுக்காவிட்டால் அம்மா இங்கேதான். அடுத்த மழைக்காலத்தில் கரன்ட் போகும், கோழிப்பண்ணைப் பெண் கூப்பிடுவாள், அம்மா ஏறுவாள், இறங்குவாளா என்பதுதான் தெரியாது. அணைக்க வந்த அதே விரல். அந்த எண்ணத்தோடுதான் ஏறினாள், ஆனால் கால்கள் நிற்கவில்லை. இரண்டிரண்டு படியாகத் தாவின.

கேபிளைத் திரும்பப் பெட்டியில் செருகி, லேப்டாப்பைப் பக்கத்தில் ஒட்டுக் கேட்க வைத்துவிட்டு, சுவிட்சைத் தட்டினாள். காற்றாடி இருமிக்கொண்டு எழுந்தது. கிழட்டு மெஷின், அவசரம் தெரியாது. திரையில் பெயர்கள் கொட்டிக்கொண்டே இருந்தன. பிறகு முதல் பதில் போனது.

அவள் பார்த்தாள். மதகு மணி கேட்டது, மணி கிடைத்தது, போய்விட்டது. பள்ளிக்கூட மணி போய்விட்டது. ரொட்டி அடுப்பு, பனியின் ஆழம், தாத்தா அறை. எதுவும் நன்றி சொல்லவில்லை, எதுவும் கோபித்துக்கொள்ளவில்லை. கடல் மாதிரி நின்ற கூட்டம் வாசல் திறந்ததும் தள்ளுமுள்ளு இல்லாமல் ஒவ்வொருவராகத் தத்தம் வேலைக்குக் கலைவது போலக் கலைந்தது. எவ்வளவு பெரிய ஒழுங்கு இது என்று அவள் வாய்விட்டே சொன்னாள். கேட்க அறையில் யாரும் இல்லை.

கீழே இறங்கியபோது டாக்டர் நாடாவைப் பாதி இழுத்தபடி நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

"பெட்டிய எடுத்துட்டுப் போக முடியாதா?"

"பெட்டிய எடுக்கலாம் டாக்டர். நம்பரை எடுக்க முடியாது. இன்டர்நெட் கம்பெனியில கேட்டுட்டேன். அது இந்த வீட்டு லைனோடதான் இருக்கும். நீங்க வேற லைன் எடுத்துக்கலாம், அந்தச் செலவு எங்களுது. ஆனா பெட்டி மேலதான் ஓடணும். எப்ப நிறுத்தலாம்னு எனக்கு இப்ப சொல்லத் தெரியல. வேண்டாம்னா சொல்லிடுங்க. சாமானை இறக்கிடறோம்."

டாக்டர் அம்மாவைப் பார்த்தார். அம்மா சுருட்டிய படுக்கை மேல், செருப்புப் போட்டு, கைப்பையைத் தோளில் மாட்டி, ரிசீவரைக் காதில் வைத்து, வண்டிக்குக் காத்திருக்கும் பயணி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"இரைச்சல் ஆகாதுன்னு சொன்னேன்" என்றார் டாக்டர்.

"மாவு மெஷின் இல்ல டாக்டர் அது" என்றாள் அம்மா. "பூனை மாதிரி இருக்கும்."

"எத்தனை போன் வரும்?"

"வந்தா வரும். பல மாசம் வராது."

"வந்தா நான் என்ன சொல்றது? எனக்குப் பல்லைத் தவிர எதுவும் தெரியாது."

"எனக்கு அதுவும் தெரியாது" என்றாள் அம்மா. "மேல போய் பாக்கணும். ஓடுதுன்னா ஓடுதுன்னு சொல்லணும். ஓடலைனா, போட்டுட்டு வந்து ஓடுதுன்னு சொல்லணும். பாத்து இறங்கணும், கடைசிப் படி கொஞ்சம் வழுக்கும்."

டாக்டர் மாடிப்படியை அண்ணாந்து பார்த்தார். அந்தப் பார்வை அவர் ஒரு வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்க்கும் பார்வையாக இருக்க வேண்டும். எதை எடுப்பது, எதை விட்டு வைப்பது என்று. அவள் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சத்தம் போடாதீங்க" என்றாள் அம்மா திடீரென்று. "தூக்குதாம்."

ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து, எல்லோருக்கும் நடுவில் நீட்டிப் பிடித்தாள். பாலத்துக்காரரும் அந்தப் பக்கம் அப்படித்தான் போனை வெளியே நீட்டியிருக்க வேண்டும். முதலில் வெறும் காற்று. பிறகு காற்றுக்கு அடியில் ஓர் உறுமல், அது கனத்துக் கனத்து, எத்தனையோ டன் இரும்பு தன் கீல்களில் நகர்வதை அந்தச் சின்னப் பொத்தல்கள் வழியாகக் காலி ஹாலுக்குள் கொண்டுவந்தது. ஒரு சாலை, மேலே போட்டிருந்த கோடுகளோடு, விளக்குக் கம்பங்களோடு, மெல்ல எழுந்து வானத்துக்கு எதிரே சுவராக நிற்பது அவள் கண்ணுக்குத் தெரிந்தது. டாக்டர் தன்னை அறியாமலே ஓரடி கிட்டே வந்திருந்தார். மூன்று தலைகளும் ரிசீவரை நோக்கிச் சாய்ந்திருந்தன.

இரும்பு நின்றது. எங்கோ ஒரு மாடு கத்தியது. அதற்குப் பின்னால் கப்பல் ஊதியது, அடிவயிற்றிலிருந்து, நீளமாக, ஜன்னல் கண்ணாடி அதிரும்படி.